வேற கிழங்குங்க

"வேற கிழங்குங்க" என்று சொல்லி போனை வைத்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. அன்றைக்கு எண்ணெயில் போட்டது வேறு கிழங்குதான். குஜராத்தில் விளைந்து, அங்கேயே நறுக்கி, வெந்நீரில் போட்டெடுத்து, ஈரம் உலர்த்தி, பாதி பொரித்து, உறைய வைத்துப் பையில் அடைத்து வந்த உருளைக்கிழங்கு. அந்த விவரத்தை மட்டும்தான் நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை டெமோ என்றால் என்ன என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சமையல் சொல்லித்தருகிறோம் என்று கூப்பிடுவோம். விற்பது அடுப்பு.

இந்தக் கடற்கரை ஃப்ரைஸ் யோசனை ஓனர் அண்ணனுடையது. மகள் அமெரிக்காவில், மேரிலாந்தில் இருக்கிறார். போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவர், ஓஷன் சிட்டி என்ற கடற்கரை ஊரில் பலகை போட்ட நடைபாதையில் நின்றுகொண்டு தின்ற உருளைக்கிழங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். த்ராஷர்ஸ் என்று 1929லிருந்து இருக்கிற கடை. காகித வாளியில் அள்ளிப் போட்டு, உப்பைத் தூவி, வினிகரைத் தெளித்துத் தருவார்களாம். தக்காளி கெச்சப் கேட்டால் கிடையாதாம். பொரிப்பது கடலை எண்ணெயில். "கடலெண்ணெய்னு சொல்லு, நம்ம சனம் வந்துரும்" என்றார். ஈரோட்டில் கடலுக்கு எங்கே போவது, கடலெண்ணெய்க்குக் குறைவில்லை. அந்த சனிக்கிழமை நாற்காலி போதாமல் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

காலை ஏழு மணிக்கே ஒரு முறை செய்து பார்த்தேன். முறையில் குறையில்லை. ஒரு விரல் கனத்துக்கு நறுக்கி, தண்ணீர் தெளியும்வரை அலசி, துணியில் ஒற்றி, 150 டிகிரி எண்ணெயில் நிறம் மாறாமல் ஐந்தாறு நிமிடம். எடுத்துப் பரப்பி ஆறவிட்டு, அப்புறம் 190 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம். முதல் பொரிப்பில் உள்ளே வேகும், இரண்டாவதில் மேலே மொறுமொறுப்பு ஏறும். அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் எனக்கு வந்தது காபிக் கொட்டை நிறத்தில் ஒரு குவியல். ஒன்றை எடுத்து நுனியைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டு விநாடி நின்றது. பிறகு வாடிய வெற்றிலை மாதிரி மெல்லத் தலையைத் தொங்கப் போட்டது.

காரணம் பார்த்தவுடனே தெரிந்தது. குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்த கிழங்கு. நாலு டிகிரிக் குளிரில் மாதக்கணக்கில் கிடந்தால் கிழங்கின் மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாகிவிடும். சர்க்கரை சூட்டில் சீக்கிரம் சிவக்கும். உள்ளே ஈரம் போவதற்குள் வெளியே கருகுகிற மாதிரி ஆகிவிடுவதால் நாம் பயந்து எடுத்துவிடுவோம். உள்ளே மிச்சமிருக்கிற ஆவி வெளியே வந்து மேல்தோலை நனைத்துவிடும். கையில் கடப்பாரை கொடுத்தாலும் அந்தக் கிழங்கை நிமிர்த்த முடியாது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஆள் அனுப்பினால் வேறு கிழங்கு வரும், ஆனால் பதினோரு மணிக்கு டெமோ.

அண்ணன் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையனைக் கூப்பிட்டுப் பக்கத்து பேக்கரியிலிருந்து ஒரு பை ஃப்ரோசன் வாங்கிவரச் சொன்னார். "டிவில எல்லாம் இப்படித்தான் பண்றாங்க. ஏற்கெனவே செஞ்சு வெச்சதை எடுத்துக் காட்டறதில்லையா?" என்றார். நான் சரி என்றேன். மறுத்துப் பார்த்ததாக எழுத ஆசையாகத்தான் இருக்கிறது.

செய்வதும் சுலபமாகப் போயிற்று. கூட்டத்துக்கு முன்னால் நிஜக் கிழங்கை நறுக்கினேன், அலசினேன், முதல் பொரிப்பும் பொரித்தேன். "இது ஆறட்டுங்க, முன்னாடியே ஆறவெச்சது இருக்குது" என்று மேசைக்கு அடியிலிருந்து தட்டை எடுத்தேன். பையில் வருவது ஏற்கெனவே பாதி பொரித்ததுதானே, பார்க்கவும் முதல் பொரிப்பு முடிந்த கிழங்கு மாதிரியே இருக்கும். எண்ணெயில் விட்டதும் சலசலவென்று நுரைத்தது, சத்தம் மெல்ல அடங்கியது, பொன்னிறத்தில் அள்ளினேன். தட்டில் கொட்டும்போது கலகலவென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கே கை தட்டினார்கள்.

முன்வரிசையில் ஒரு அம்மா. அறுபது வயதிருக்கும். ஒன்றை எடுத்தார், உடனே வாயில் போடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்கு மூலையும் ஸ்கேல் வைத்து வெட்டியது மாதிரி இருந்ததைத்தான் பார்த்திருக்க வேண்டும், இப்போது யோசித்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

"ஏனுங் தம்பி, இது நீங்க அரிஞ்சதுதானுங்களா?"

"ஆமாங்க."

வாயில் போட்டுக்கொண்டார். தலையாட்டினார். லீவுக்கு வருகிற பேரனுக்கு இது என்றால் உயிர் என்றார். டிகிரி காட்டுகிற இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு விற்ற நான்கில் அதுவும் ஒன்று.

பத்து நாள் கழித்துக் கடை நம்பருக்கு போன். அடுப்பில் கோளாறு என்று புகார் சொல்வார் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"அடுப்பு நல்லாருக்குதுங்க தம்பி. நீங்க சொன்னாப்லயே மூணு வாட்டி போட்டுப் பாத்தனுங்க. கறுத்துப் போவுது, ஆனா தொவண்டுக்குது. என்ற கைக்கு அது வராதாட்ட இருக்குதுங்க."

"கைல ஒண்ணும் இல்லீங்கம்மா. கிழங்குதான். கிடங்குக் கிழங்கா இருக்கும்."

"அன்னைக்கு நீங்க போட்டது?"

"அது வேற கிழங்குங்க."

"அப்படீங்களா" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நமக்குக் கோணக் கோணயா வேற வருதுங்க. உங்களுது ஒரே அளவா இருந்துச்சு."

"அரிஞ்சு பழகினா வந்துருமுங்க."

இந்தக் கடைசி வரியை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னது. "ஆமாங்க"வுக்கு என்னிடம் சமாதானம் இருக்கிறது. கூட்டம், நேரம், முதலாளி, எல்லாம் சேர்த்துச் சொல்லிவிடலாம். முறை ஒன்றும் பொய்யில்லையே, நல்ல கிழங்கு கிடைத்தால் வீட்டிலும் வரும் என்றும் சொல்லலாம், அது உண்மையும்கூட. போனில் பேசும்போது கூட்டமும் இல்லை, அண்ணனும் இல்லை. "அன்னைக்குப் பையில வந்ததுங்கம்மா" என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். ஆனால் அதைச் சொன்னால் அடுப்பைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவாரோ என்று பயந்தேன் என்று வைத்துக்கொள்ளலாமா? அதுவும் இல்லை. அடுப்பு நன்றாக இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டாரே.

வயது போன அந்த அம்மா எத்தனை வருடமாக எதையெல்லாம் பொரித்திருப்பார். பக்கோடா, முறுக்கு, தீபாவளிக்குப் படி படியாகப் பலகாரம். அவரைத் தன் கையின் மேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டேன் என்பதுதான் உறுத்துகிறது. சில நாள் வேறு மாதிரியும் தோன்றும். அவருக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் கேட்டார், இரண்டு தடவையும் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார் என்று. அப்படியானால் குற்றம் குறைகிறதா, கூடுகிறதா என்று தெரியவில்லை.

போன வாரம் மேட்டுப்பாளையத்தில் ஒரு வேலை. வரும்போது மண்டிப் பக்கம் இறங்கி இரண்டு வகை வாங்கினேன். வீட்டில் 11 கப் தண்ணீருக்கு ஒரு கப் உப்புக் கரைத்துக் கிழங்குகளைப் போட்டுப் பார்த்தேன். மாவு அதிகமுள்ளது கனத்தில் முங்கும், ஈரம் அதிகமுள்ளது மிதக்கும். மிதந்ததைக் குழம்புக்கு ஒதுக்கினேன், அதற்கு அதுதான் ருசி. முங்கியதை நறுக்கினேன். சட்டி நிறையப் போடாமல் ஒவ்வொரு கைப்பிடியாகப் போட்டேன், நிறையப் போட்டால் எண்ணெய்ச் சூடு இறங்கி எல்லாம் எண்ணெய் குடித்துவிடும். இரண்டாவது பொரிப்பு முடிந்ததும் உப்பு, கொஞ்சம் வினிகர். மூடி வைக்கவில்லை. வந்தது. நுனியைப் பிடித்து நிறுத்தினால் நின்றது. இதையெல்லாம் டெமோவில் சொல்லியிருக்கலாம். உப்புத் தண்ணீர் விஷயம் எனக்கு அன்றைக்கும் தெரியும். சொன்னால் "இவ்வளவு பாடா?" என்று பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

இப்போதெல்லாம் ஃப்ரோசன் போட்டால் பையை மேசை மேல் வைத்துவிடுகிறேன் என்று ஒரு நண்பரிடம் பெருமையாகச் சொன்னேன். இன்னும் சரியாகச் சொன்னால், மேசை மேல்தான் வைக்கிறேன், எழுத்து இருக்கிற பக்கம் என்னைப் பார்த்த மாதிரி.

அந்த அம்மாவின் நம்பர் பில் புத்தகத்தில் இருக்கிறது. பக்கத்தைக்கூட மடித்து வைத்திருக்கிறேன். முங்குகிற கிழங்கைப் பற்றி மட்டும் சொல்லலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். அதைச் சொன்னால் அன்றைக்கு நான் போட்டது முங்கிய கிழங்கு என்று ஆகிவிடும்.

வீட்டில் செய்ததை மனைவி தட்டோடு எடுத்துக்கொண்டு போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பதினான்கு வருடமாகக் கத்தி பிடிக்கிறேன். தட்டில் ஒன்று சுண்டுவிரல் கனம், ஒன்று கட்டைவிரல் கனம், இரண்டில் ஓரத்தில் தோல், ஒன்று நுனியில் வளைந்து. ஒன்றுகூட ஒரே அளவில் இல்லை.