சாஃப்ட் கோர் எடுக்கும் முன்

கடலூரில் பி.காம். முடித்துவிட்டு, காலாப்பட்டு புதுவைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தவள் நான். முதுகலையில் சேர எழுதும் சியூஇடி பிஜி நுழைவுத் தேர்வைப் பற்றித்தான் எல்லாரும் என்னிடம் கேட்கிறீர்கள். 75 கேள்வி, 300 மதிப்பெண், தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும், தெரியாததை விட்டுவிடுங்கள். அவ்வளவுதான். உள்ளே வந்தபின் எந்தப் பாடம் எடுப்பது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

ஹார்ட் கோர் என்றால் கட்டாயப் பாடம். சாஃப்ட் கோர் நாமே தேர்ந்தெடுப்பது, அதில் வேறு துறைப் பாடமும் எடுக்கலாம். முதல் செமஸ்டரில் நான் பார்த்தது இரண்டே விஷயம்: எதில் மார்க் தாராளம், எந்த வகுப்பு முடிந்தால் சீக்கிரம் கடலூர் பஸ் ஏறலாம்.

அந்தச் சாமர்த்தியம் ஃபீல்டு ஒர்க்கில், அதாவது களப்பணியில், பல்லிளித்தது. கடலோரக் குப்பம் ஒன்றில் காசநோய் மாத்திரையை ஒருவர் பாதியில் நிறுத்தியிருந்தார். ‘ஒத்துழைப்பு இல்லை, ஊக்கப்படுத்த வேண்டும்’ என்று ரெக்கார்டில் முத்து முத்தாக எழுதினேன். கூட வந்த நர்சிங் மாணவி திண்ணையில் உட்கார்ந்து கேட்டாள்: “அண்ணே, மாத்திரை போட்டப்புறம் ஒண்ணுக்கு எப்படிப் போவுது?”

அவர் வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ரத்தமாப் போவுதும்மா. அதான் வுட்டுட்டேன்.”

ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும், அது ரத்தமில்லை. நர்சிங்கில் அரிச்சுவடிப் பாடமாம். ரெக்கார்டைப் பைக்குள் தள்ளினேன்.

அவளும் ஓரிடத்தில் முழித்தாள். நிக்ஷய் திட்டத்தில் காசநோயாளிக்குச் சத்துணவுப் பணம் கணக்கில் விழ வேண்டும். அப்போது மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000. இவருக்கு வரவேயில்லை. பாஸ்புக்கைப் புரட்டினேன், கடைசி வரவு செலவு நடந்து வருஷங்கள் ஆகியிருந்தன, கணக்கு முடங்கிக் கிடந்தது. (பி.காம். வீண் என்று சொன்ன சித்தப்பா இதைப் படிக்கட்டும்.) மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனேன்.

அதன் பிறகுதான், இரண்டாம் செமஸ்டரில், சாஃப்ட் கோராக உளவியல் துறையில் ஒரு பேப்பர் எடுத்தேன். முதல் இரண்டு வாரம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை; பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள்தான் கரையேற்றினார்கள். புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். நான் தள்ளிப்போட்டு, டெசர்டேஷன் (ஆய்வேடு) நேரத்தில் கை-ஸ்கொயர் (chi-square) என்ற புள்ளியியல் சோதனைக்குக் கண்டவர் காலில் விழுந்தேன்.

ஃபீல்டு ஒர்க் ரெக்கார்டில் ஒவ்வொரு விசிட்டுக்கும் கடைசியில் நாலு வரி ஒதுக்கி எழுதுங்கள்: எனக்கு என்ன தெரியவில்லை, அது யாருக்குத் தெரியும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் ரெக்கார்டைப் புரட்டி நின்ற இடம் அந்த வரிகள்தான். “நர்ஸைக் கேட்டீங்களா?” என்றார். கேட்டேன் சார் என்றேன்.