இடது கைக்காரிக்கு ஒரு பேரிக்காய் மரக் கட்டை

என் மகளுக்குச் சாப்பிடுவது தவிர எல்லாமே இடது கைதான். பத்தாம் வகுப்பு லீவில் கோயம்புத்தூரில் சித்தப்பா வீட்டுக்குப் போனவள், அங்கே துப்பாக்கி சுடப் பழகும் ஒரு ரேஞ்சில், காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிளைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கே அலமாரிக் கதவில் துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் படம் ஏறிவிட்டது. ஆறு மாதம் கழித்தும் ஆசை குறையவில்லை என்று தெரிந்ததும், பழைய போட்டி ரைபிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன்.

குழல், டிரிக்கர், காற்று சிலிண்டர் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. அவற்றைத் தாங்குகிற, கையிலும் தோளிலும் பிடிக்கிற மரக் கட்டைதான் வலது கைக்காரருக்குச் செதுக்கியது. கன்னம் வைக்கும் மேடு அவளுக்கு எதிர்ப்பக்கம், கைப்பிடியின் வளைவும் தலைகீழ். "இடது கைக் கட்டை வெளிநாட்டிலிருந்து வரணும் சார், அந்தக் காசுக்கு இன்னொரு ரைபிளே வாங்கலாம். பேசாம பொண்ண வலது கைக்குப் பழக்குங்க" என்றார்கள் ஒரு கடையில். அவளுக்குக் குறி பார்க்கும் கண்ணும் இடது கண். குழந்தையை மாற்றுவதா, கட்டையை மாற்றுவதா? எனக்கு அதில் யோசிக்க எதுவும் இல்லை.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் 27 வருடம் ஃபிட்டர். தேயிலையை நசுக்கிக் கிழிக்கும் சி.டி.சி. ரோலருக்குப் பல் வெட்டிய கை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பழைய மூன்றடி லேத், ஒரு பெஞ்ச் டிரில்லிங் மெஷின், மரத்தில் பள்ளம் எடுக்கும் ஒரு கை ரவுட்டர், அப்பாவின் உளிகள். இவ்வளவுதான் என் பட்டறை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேல் துளை உள்ள, அல்லது 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டும். 10 மீட்டர் போட்டி ரைபிள் இந்த வரம்புக்குள் அடங்கும். தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கிக்கு வீட்டில் கை வைக்காதீர்கள். அது லைசென்ஸ் உள்ள பட்டறையின் வேலை.

மரத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு வாரம் ஆளைத்தான் அளந்தேன். நின்று சுடும்போது ரைபிளின் எடையைத் தசை சுமக்கக் கூடாது, எலும்பு சுமக்க வேண்டும். அவள் இடது கைக்காரி என்பதால் முன்கட்டை வலது உள்ளங்கையில் உட்காரும், அந்த முழங்கை வலது இடுப்பெலும்பில் ஊன்றும். அப்படி ஊன்றியபோது, கழுத்து வளையாமல் கண் நேராகக் குறி பார்க்கும் துளைக்கு வர வேண்டும். முன்கட்டையின் ஆழத்தைத் தீர்மானிப்பது அவள் முன்னங்கையின் நீளம்தான். ப்ளைவுட்டில் ஒரு போலிக் கட்டை அறுத்து, அதில் பிசைந்து ஒட்டும் எம்-சீல் பசையை அப்பி, அவள் கையை வைத்து அழுத்தச் சொன்னேன். "அப்பா, இன்னும் கொஞ்சம் கீழ" என்பாள், ஒரு துண்டு சேர்ப்பேன். கடைசியில் குழலின் மையத்திலிருந்து 105 மி.மீ. என்று நின்றது. போட்டி விதியில் 120 வரை போகலாம். கட்டையின் அகலம் 60 மி.மீ.யையும், ரைபிளின் மொத்த எடை 5.5 கிலோவையும் தாண்டக் கூடாது.

மரம் கையிலேயே இருந்தது. நான்கு வருடம் முன் ஐப்பசி மழையில் எங்கள் தோட்டத்துப் பேரிக்காய் மரம் வேரோடு சாய்ந்தது. மலையில் மரம் வெட்டுவதென்றால் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நினைத்தபடி கோடாலி வைக்க முடியாது. தானாகச் சாய்ந்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டு, மூன்று அங்குலப் பலகைகளாக அறுத்து, இரு முனைக்கும் பெயின்ட் அடித்து, அடுப்படிக்கு மேலே பரணில் போட்டு வைத்திருந்தேன். பேரி மரம் மெழுகுபோல் சீராக வெட்டுப்படும். எந்தப் பக்கம் உளி வைத்தாலும் அவ்வளவாகப் பிசிராது. காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தேயிலை எடை போடும் தராசில் வாரம் ஒருமுறை மாட்டினேன். மூன்று வாரமும் எடை மாறவில்லை.

எந்தப் பலகை என்பதைப் பக்கத்து வீட்டு ஆசாரியண்ணன்தான் முடிவு செய்தார். கட்டை முழுவதிலும் மெலிந்த இடம் கைப்பிடிக் கழுத்து. "தம்பி, மர ரேகை அந்தக் கழுத்து வழியா நீளவாக்குல ஓடணும். குறுக்க ஓடுச்சுன்னா கீழ விழுந்த அன்னைக்கே ரெண்டா போயிடும்" என்றார். அழகான சுழி ஓடிய பலகை ஒன்று இருந்தது, மனசே இல்லாமல் ஒதுக்கினேன்.

பலகை சதுரமாக இருக்கும்போதே மையக்கோடு போட்டு, திருகுத் துளைகளையும் முடித்துவிடுங்கள். வளைவு செதுக்கிய பிறகு அளக்க ஒரு நேர்ப்பக்கம்கூட மிஞ்சாது. நீளமான துளை போகப் போக விலகும். அதற்கு ஒரு வழி உண்டு. மெஷின் மேஜையில் ஒரு மரத்துண்டை இறுக்கி, அதிலேயே துளை போட்டு, அதே அளவு ஊசியைச் செருகிவிடுங்கள். இப்போது ஊசி சரியாக டிரில் முனைக்கு நேர் கீழே நிற்கும். ஒரு பக்கம் பாதி துளைத்து, பலகையைத் திருப்பி அந்தத் துளையை ஊசியில் உட்கார வைத்து, மறுபக்கத்திலிருந்து இறக்கினால் இரண்டும் நடுவில் சந்திக்கும். எனக்கு ஒரு மயிரிழைகூடத் தட்டவில்லை.

அடுத்து ரைபிளின் இரும்பு உட்காரும் பள்ளம். முதலில் சில்வர் ஓக் துண்டில் ஒத்திகை பார்த்தேன், அதுதான் என்னைக் காப்பாற்றியது. டிரில்லிங் மெஷினில் பக்கவாட்டிலும் வெட்டும் எண்ட் மில்லை மாட்டி, துண்டைப் பிடித்திருக்கும் வைஸை நகர்த்திப் பள்ளம் வெட்டலாம் என்று நினைத்தேன். ஐந்தாவது இழுப்பில் சத்தம் மாறியது. வெட்டுக்கருவியைப் பிடித்திருக்கும் சக் முழுசாகக் கழன்று, சுற்றிக்கொண்டே துண்டின் மேல் விழுந்து, மூன்று விரல் அகலத்துக்குப் பிய்த்துக்கொண்டு தரையில் உருண்டது. மகள் அப்போதுதான் டீ கொண்டுவந்து வாசலில் நின்றிருந்தாள். அன்று முழுக்க எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

இத்தனை வருட வேலையில் நான் யோசிக்காமல் விட்ட விஷயம் அது. அந்தச் சக் ஒரு கூம்பின் மேல் வெறும் உராய்வில் நிற்கிறது. கீழ்நோக்கி அழுத்தினால் இறுகும், பக்கவாட்டில் தள்ளினால் தளரும். போதாததற்கு மரத்துக்கு வேண்டிய வேகமும் அந்த மெஷினில் இல்லை. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

பிறகு ரவுட்டரைத்தான் எடுத்தேன். பலகையின் இருபுறமும் ஒரே மட்டத்தில் இரண்டு ரீப்பர் கட்டைகள், அதன் மேல் ரவுட்டர் ஓட ஒரு ப்ளைவுட் தட்டு. ஒரு தடவைக்கு 2 மி.மீ.க்கு மேல் இறக்கவில்லை. கடைசி அரை மி.மீ.யை மட்டும் உளிக்கு விட்டேன். விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து இரும்பில் மெல்லத் தடவி, பள்ளத்தில் அமுக்கி எடுத்தால், முட்டுகிற இடத்தில் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்தக் கறுப்பை மட்டும் சீவ வேண்டும். மறுபடி தடவு, அமுக்கு, சீவு. ஒன்பது சாயங்காலம் இதுவே போனது. முதலில் இரண்டு மூன்று புள்ளிகள்தான் தெரியும். நாளாக ஆக அவை பெருகி, ஒருநாள் பள்ளம் முழுக்கச் சீராகக் கறுத்து வந்தது. எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

திருகை இறுக்க இறுக்க மரம் நசுங்கும், நசுங்கினால் குண்டு விழும் இடம் மாறும். அதனால் 14 மி.மீ. அலுமினியக் கம்பியில் லேத்தில் இரண்டு குழாய்கள் கடைந்து, திருகுத் துளைகளை அந்த அளவுக்கு அகட்டி, அரால்டைட் பசை வைத்துப் பதித்தேன். இப்போது திருகின் பிடி இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில்தான், மரம் நசுங்காது. இரும்பில் மெழுகு பாலிஷை இரண்டு முறை பூச மறக்காதீர்கள். பசை ஒட்டிக்கொண்டால் கட்டையை உடைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

வெளி வடிவத்துக்கு ராவியும் அரமும். கைப்பிடியை அவள் கைக்கு வைத்து வைத்துச் செதுக்கினேன். உப்புத்தாளில் 120, 220, 320 என்று போய், நடுவில் ஈரத்துணியால் துடைத்து எழும்பிய பிசிரை மீண்டும் தேய்த்தேன். அப்புறம் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். கோத்தகிரி மூடுபனியில் ஒரு பூச்சு காய நான்கு நாள் ஆனது. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப் போடுங்கள்.

மாட்டிய அன்று அவளைக் கண்ணை மூடச் சொன்னேன். தோளில் ஏற்றி, கன்னத்தை வைத்து, மூச்சு விட்டு, அப்புறம் கண்ணைத் திற என்றேன். திறந்தாள். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. "நேரா இருக்குப்பா" என்றாள். 10 மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி அரை மி.மீ.தான். அதைக் குறி வைக்க அவள் இனி கழுத்தை வளைக்க வேண்டியதில்லை.

ஐப்பசியில் ஒரு சோதனை வந்தது. தொடர்மழையில் குண்டுகள் வலப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தன. மரம் ஈரம் குடித்து, முன்கட்டை சிலிண்டரை ஒரு பக்கம் தொட்டிருந்தது. பழைய காலண்டர் அட்டையில் ஒரு துண்டு வெட்டி இடுக்கில் ஓட்டினால், ஓரிடத்தில் சிக்கியது. அங்கே ஒரு மி.மீ. சீவி, உள்பக்கத்துக்கும் எண்ணெய் ஊட்டினேன். வெளியே பளபளவென்று பூசியவன், உள்ளே ஒரே பூச்சோடு விட்டிருந்தேன். அட்டைத் துண்டு இப்போது ரைபிள் பெட்டியிலேயே இருக்கிறது. மழை பிடித்தால் அவளே ஓட்டிப் பார்க்கிறாள்.

போன வாரம் கதவு நிலையில் அவள் உயரத்தைக் குறித்தோம். 3 செ.மீ. கூடியிருக்கிறாள். கட்டையை நீட்ட, அதற்கும் தோளில் படும் தட்டுக்கும் நடுவில் வைக்க 6 மி.மீ.யில் ஒரு பேரி மரத்துண்டு அறுத்து வைத்திருக்கிறேன். முதல் பூச்சு எண்ணெய் இன்னும் காயவில்லை.