எண்ணெய் வைக்காமல் வாருங்கள்

பி.இ. பயோமெடிக்கல் இரண்டாம் ஆண்டில் முதல் தடவை விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டம் அது. தேர்வானால் ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் வேலை பார்க்கலாம், உதவித்தொகையும் உண்டு. மதிப்பெண்கள், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், என்ன ஆராய விரும்புகிறோம் என்ற சின்னக் குறிப்பு ஆகியவற்றைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

அந்தக் குறிப்பில்தான் கோட்டை விட்டிருந்தேன். மூளை எவ்வளவு வியப்பானது, அதில் எனக்கு எவ்வளவு ஆர்வம் என்று பக்கத்தை நிரப்பியிருந்தேன். மறு ஆண்டு அதை எங்கள் துறை மேடத்திடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதுல உன் கேள்வி எங்கம்மா?" என்று கேட்டார்.

சரி என்று, பி300 பற்றி மூன்று வாரம் படித்தேன். ஒரே மாதிரி ஒலிகளுக்கு நடுவே வேறோர் ஒலி கேட்டால், ஏறக்குறைய 300 மில்லிநொடி கழித்து மூளை அலையில் எழும் மேடு அது. கேட்பவரின் கவனம் வேறு வேலையில் இருந்தால் அந்த மேடு எவ்வளவு தாழும்? இதை மட்டும் வைத்து எழுதினேன். மேடமும் கடிதத்தில் அதையே குறிப்பிட்டார். நவம்பரில் அனுப்பினேன், மே மாதம் பெங்களூரு ஆய்வகம் ஒன்றில் இருந்தேன்.

முதல் இரண்டு வாரம் முழுக்கத் தொப்பி மாட்டும் வேலைதான். மூளையின் மின் அலைகளைத் தலைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்யும், 64 மின்முனைகள் கொண்ட ஈஈஜி தொப்பி. மூக்கின் மேல் குழியிலிருந்து பிடரி எலும்பு வரை டேப்பால் அளந்து, உச்சியைக் குறித்து, தொப்பியைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு துளையிலும் மழுங்கிய ஊசியால் முடியை விலக்கி ஜெல் நிரப்பினால், திரையில் சிவப்பாக இருக்கும் புள்ளி பச்சையாகும். என்னிடம் முதலில் வந்த பெண்ணுக்கு ஒரு மணி நேரமாகியும் பின்மண்டைப் புள்ளிகள் சிவப்பாகவே நின்றன. எனக்கு வழிகாட்டிய ஆராய்ச்சி மாணவி திருநெல்வேலிக்காரர். அந்தப் பெண்ணின் முடியைத் தொட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "தேங்காய் எண்ணெய்மா. தலைக்குக் குளிச்சுட்டு, எண்ணெய் வைக்காம வாங்கன்னு முந்தின நாளே சொல்லிடணும்" என்றார். எண்ணெய்ப் படலம் இருந்தால் தோலும் ஜெல்லும் சரியாக ஒட்டாது, மின்தடை குறையவே குறையாது. நம் ஊர்த் தலைகளுக்கு இது மிக முக்கியமான விதி.

எல்லாப் புள்ளியும் பச்சையான ஒரு நாள், எதிரே இருந்தவரைக் கண்ணை மூடச் சொன்னேன். பின்மண்டை அலைகள் விநாடிக்குப் பத்து வீதம் சீராகப் பெருத்து எழுந்தன. கண்ணைத் திறந்ததும் அடங்கின. ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட அதே ஆல்ஃபா அலை. பாடத்தில் எத்தனையோ முறை படித்ததுதான், ஆனாலும் உடம்பு சிலிர்த்தது.

நான்காம் வாரம் ஒருவரின் முழுப் பதிவும் வீணானது. ஒலி எப்போது வந்தது என்று குறிக்கும் கேபிளை நான் செருகவில்லை. அந்தக் குறி இல்லாமல் எந்த அலை எந்த ஒலிக்கானது என்று பிரிக்கவே முடியாது. அவர் 40 நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டது இன்னும் மனதில் உறுத்துகிறது. அன்றிலிருந்து, பதிவைத் தொடங்குமுன் பார்க்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி டிக் அடித்தேன்.

கண் சிமிட்டல், தாடை இறுக்கம், 50 ஹெர்ட்ஸ் மின்கம்பி இரைச்சல் எல்லாவற்றையும் நீக்கவே மேலும் இரண்டு வாரம் ஓடியது. ஒரே ஓர் ஒலிக்கு எழும் அலையில் பி300 கண்ணுக்குப் படாது. அதே மாதிரி பல ஒலிகளுக்கு எழும் அலைகளின் சராசரியை எடுத்தால்தான் மேடு தலைகாட்டும். கடைசி வாரம் அது வந்தது, 12 பேரில் பத்துப் பேருக்கு. மற்ற இருவரின் கோடு தட்டையாகவே கிடந்தது. அவர்களை விட்டுவிடலாமா என்று வழிகாட்டிய திருநெல்வேலி அக்காவிடம் கேட்டேன்.

"அவங்க படத்தையும் போடு, பேரு இல்லாம" என்றார். என் அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் அந்த இரண்டு கோடுகளும் இருக்கின்றன.