விம் எடிட்டரில் எஃப் விசைகள்: மாற்றிப் பார்த்ததில் தெரிந்தவை

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில், விசைப்பலகையின் மேல் வரிசையிலுள்ள எஃப் விசைகளுக்குப் புது வேலை கொடுக்க எடுத்துக்கொண்டது ஐந்தே விசைகள். எஃப்2 சேமிக்க, எஃப்3 வரி எண்ணைக் காட்டவும் மறைக்கவும், எஃப்4 வரிக்கடைசியில் தங்கிவிட்ட வெற்றிடங்களைத் துடைக்க, எஃப்5 இன்றைய தேதியைச் செருக. எஃப்1-க்கு எஸ்கேப்பின் வேலை. விம் எஃப்1-இல் உதவிப் பக்கத்தை வைத்திருக்கிறது. எஸ்கேப்புக்குப் போகும் விரல் சற்றுத் தவறினாலும் திரையில் பாதியை அது பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எதுவும் கையில் படியாது.

விம்மின் அமைப்புகளை எழுதும் விம்ஆர்சி ஃபைலைத் திறக்கும் முன், அழுத்திய விசை விம் வரை வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்சர்ட் முறையில் (எழுத்துகளைத் தட்டும் முறை) கன்ட்ரோல்+கே அழுத்தி, உடனே எஃப்5 அழுத்தினால் <எஃப்5> என்று அதன் பெயரே ஆங்கிலத்தில் விழ வேண்டும். விழவில்லையென்றால் மேப்பிங்கை, அதாவது விசைக்கு வேலை ஒதுக்கும் வரியை, திருத்திப் பயனில்லை. வழியில் யாரோ பிடுங்கிக்கொள்கிறார்கள். எஃப்11-ஐ முழுத்திரைக்கும் எஃப்10-ஐ மெனுவுக்கும் பல டெர்மினல்கள் (விம் ஓடும் கட்டளைச் சாளரங்கள்) வைத்துக்கொள்ளும். மடிக்கணினியில் ஒலி, வெளிச்சம் கூட்டும் வேலை அந்த விசைகளில் இருந்தால், எஃப்என் பூட்டை மாற்றினால்தான் வரும்.

டெர்மினல் என்ன அனுப்புகிறது என்பதையும் பார்த்துவிடலாம். டெர்மினலில் கட்டளை வாங்கும் ஷெல்லில், தட்டியதைத் திரும்பக் காட்டும் 'கேட்' கட்டளையை வெறுமனே ஓடவிட்டு எஃப்5 அழுத்தினால் ^[[15~ என்று வரும். முதலில் வரும் ^[ தான் எஸ்கேப். எஃப்6-க்கு 17, எஃப்10-க்கு 21, எஃப்11-க்கு 23, எஃப்12-க்கு 24. இடையில் 16-ம் 22-ம் இல்லை. டெக் நிறுவனத்தின் பழைய விடி220 டெர்மினலில் விசைகள் கூட்டம் கூட்டமாக இடைவெளி விட்டு அமைந்திருந்தன. எண்களிலும் அந்த இடைவெளி அப்படியே தங்கிவிட்டது.

எஃப்5 விசை என்பது விம்முக்கு ஐந்து எழுத்துகள் கொண்ட ஒரு சரம் என்பது புரிந்தால், விசித்திரமான ஒரு கோளாறும் புரிந்துவிடும். எஸ்கேப் வேகமாக வேலை செய்யட்டும் என்று சரத்தின் மிச்சத்துக்காக விம் காத்திருக்கும் நேரமான டிடைம்அவுட்லென் மதிப்பை 10 மில்லிசெகண்டுக்கு இறக்கிவிட்டு, மெதுவான தொலை இணைப்பில் எஃப்5 அழுத்தினால் சரம் உடைந்து வரும். எஸ்கேப் தனியாகப் போகும், [1 செல்லாத கட்டளையாகக் கழியும், மிச்சமிருப்பது 5~. அது ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சிறியதைப் பெரியதாகவும் பெரியதைச் சிறியதாகவும் புரட்டிவிடும். எஃப்6 என்றால் ஏழு. தமிழ் எழுத்துக்கு அந்த இரு வடிவம் இல்லாததால் தமிழ் ஃபைலில் கர்சர் மட்டும் வலப்பக்கம் ஓடும். காரணம் பிடிபடவே நேரமாகும். மதிப்பை 100-க்கு ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மேப்பிங் வரியில் 'மேப்' வேண்டாம், கட்டளை கொடுக்கும் நார்மல் முறைக்கு 'என்நோரீமேப்', இன்சர்ட் முறைக்கு 'ஐநோரீமேப்'. வெறும் 'மேப்' மற்ற மேப்பிங்குகளையும் தொடர்ந்து போகும். கோலனையும் செமிகோலனையும் இடம் மாற்றி வைத்திருப்பவர் எஃப்2-வைச் சேமிக்கும் கட்டளையான ':டபிள்யூ' என்று 'மேப்' போட்டால் கோலன் செமிகோலனாகிவிடும். கர்சர் எங்காவது தாவும் அல்லது ஒன்றுமே நடக்காது, ஃபைல் மட்டும் சேமிக்கப்பட்டிருக்காது. இதுதான் ஆபத்து, ஏனென்றால் சேமித்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்போம்.

வரியின் கடைசியில் எண்டரைக் குறிக்கும் <சிஆர்> விட்டுப்போனால் கட்டளை கீழே எண்டருக்காகக் காத்து நிற்கும். <சிஆர்>-க்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடம் இருந்தால் ஒவ்வொரு முறையும் கர்சர் ஓர் எழுத்து நகரும். அதே வரியில் குறிப்பும் எழுதக்கூடாது; குறிப்பின் எழுத்துகளையும் விம் விசைகளாகவே அழுத்திப் பார்க்கும். குறிப்புக்கு மேல் வரிதான் இடம்.

இன்சர்ட் முறையில் சேமிக்க, எஸ்கேப் அடித்து மீண்டும் 'ஐ' அடிக்கும் மேப்பிங் கர்சரை ஒவ்வொரு தடவையும் ஓர் எழுத்து இடப்பக்கம் தள்ளும். கன்ட்ரோல்+ஓ போட்டு ':டபிள்யூ' கொடுத்தால் கர்சர் நின்ற இடத்திலேயே நிற்கும். தேதிக்குக் கன்ட்ரோல்+ஆர், சமக்குறி, தேதி தரும் எஸ்டிஆர்எஃப்டைம்.

அதிக நேரம் தின்றது எஃப்4. கட்டளைகளை இணைக்கும் | குறியை நேரடியாக எழுதினால் மேப்பிங் அங்கேயே முடிந்துவிடும். மீதிக் கட்டளை விம் திறக்கும்போதே ஓடிவிடும். <பார்> என்று எழுத வேண்டும். தேடி மாற்றும் சப்ஸ்டிட்யூட் கட்டளையின் கடைசியில் 'இ' சேர்த்தால், துடைக்க ஒன்றுமில்லாதபோது பிழைச்செய்தி வராது. முன்னால் 'கீப்பேட்டர்ன்ஸ்' போட்டால் கடைசியாகத் தேடிய சொல் மறையாது. மார்க்டவுன் ஃபைலில் மட்டும் இந்த விசை வேண்டாம். அங்கே வரிக்கடைசியில் இரண்டு வெற்றிடம் என்றால் வரிமுறிவு.

போட்டது வேலை செய்யவில்லை என்றால் ':வெர்போஸ் மேப் <எஃப்5>' (இன்சர்ட் முறை மேப்பிங் என்றால் 'ஐமேப்') கேட்டால் போதும், எந்த ஃபைலில் எந்த வரி கடைசியாக அதை மாற்றியது என்று சொல்லிவிடும். பெரும்பாலும் விம்மில் சேர்த்த ஏதோ ஒரு பிளகின்தான் (கூடுதல் நிரல்) பின்னால் வந்து மேலெழுதியிருக்கும்.

அடுத்து ஷிஃப்ட் சேர்த்த விசைகள். எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலில் ஷிஃப்ட்+எஃப்5 15;2~ என்று தனியாக வருகிறது. டெர்மினலுக்கு டெர்மினல் இது மாறுவதால், அங்கும் கன்ட்ரோல்+கே சோதனை முடிந்த பிறகே மேப்பிங்.