16 எக்ஸ் டிவிடியை எந்த வேகத்தில் எழுதுவது: 24 வட்டுகளில் செய்து பார்த்தது

மெதுவாக எழுதினால்தான் டிவிடி நன்றாகப் பதியும் என்று பல ஆண்டுகளாக நம்பி, முக்கியமானவை அனைத்தையும் 4 எக்ஸ் வேகத்திலேயே (டிவிடியின் அடிப்படை வேகத்தைப் போல் நான்கு மடங்கு) எழுதி வந்தேன். சென்ற மூன்று வாரங்களில் 24 வட்டுகளை எழுதி அளந்து பார்த்த பிறகு, என் டிரைவிலும் நான் வாங்கிய வட்டுகளிலும் அந்த நம்பிக்கை தவறு என்று உறுதியாகிவிட்டது. 8 எக்ஸில் எழுதியவையே எல்லா அளவீட்டிலும் முந்தி நிற்கின்றன.

இந்தச் சோதனையைத் தொடங்கி வைத்தது 2011இல் நான் எழுதிய ஒரு வட்டு. எங்கள் ஆச்சி பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் 60 நிமிட ஒலிநாடாக்கள் 41இல் இருக்கின்றன. அவற்றில் ஏழு நாடாக்களை அப்போது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளாக்கி ஒரே வட்டில் விளிம்பு வரை நிரப்பியிருந்தேன். இந்த ஆண்டு திறந்தபோது ஆறு நாடாக்கள் தடையின்றி வந்தன. வட்டின் விளிம்பில் பதிந்திருந்த, ஏழாவதின் கடைசிப் பத்து நிமிடம் எந்த டிரைவிலும் வரவில்லை. மூல நாடா கெடாமல் இருந்ததால் இழப்பு ஒன்றும் இல்லை என்றாலும், எழுதிய அன்றே அந்த விளிம்பை அளந்து பார்த்திருந்தால் அதன் நிலை தெரிந்திருக்கும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

எழுதுவதற்கு ஒரு டிரைவும், அளப்பதற்கு மட்டும் லைட்ஆன் ஐஹாஸ்124 ஒன்றும் வைத்துக்கொண்டேன். எழுதிய டிரைவிலேயே அளந்தால், தன் கையெழுத்தைத் தானே படிப்பது போல முடிவு கூடுதல் அழகாகத் தெரியும் என்பதால் இந்தப் பிரிப்பை விடாமல் கடைப்பிடித்தேன். வட்டைப் படிக்கும்போது எழும் பிழைகளை எண்ணி வரைபடமாகக் காட்டும் மென்பொருள் நீரோ டிஸ்க்ஸ்பீட். லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் க்யூபிஎக்ஸ்டூல் கொண்டு சிலவற்றைச் சரிபார்த்தேன். டிஸ்க்ஸ்பீட் கடைசியில் தரும் மதிப்பெண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை. அது பிஐஎஃப் உச்சத்தை, அதாவது பிழைதிருத்தத்தின் முதல் கட்டத்தால் சரிசெய்ய முடியாமல் போன பிழைகளின் உச்சத்தை வைத்தே முடிவாகிறது. வட்டில் எங்கோ ஒரு தூசி ஏற்படுத்திய ஒற்றை முள்ளும், கடைசி ஒரு ஜிபி முழுவதும் எழும்பி நிற்கும் மேடும் அந்த மதிப்பெண்ணில் ஒன்றாகவே தெரியும். நான் பார்ப்பது வரைபடத்தின் வடிவத்தையும், பிஐஎஃப் மொத்தத்தையும், குறிகளின் ஓரம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு தடுமாறுகிறது என்று சொல்லும் ஜிட்டரையும்தான். எட்டுத் தரவுத் தொகுதிகளுக்குப் பிஐஇ (முதல் கட்டப் பிழைதிருத்தத்தில் தென்படும் பிழைகள்) 280, ஒரு தொகுதிக்குப் பிஐஎஃப் 4 என்பவை டிவிடி தரநிலையின் எல்லைகள். காப்பகத்துக்கு எழுதும் வட்டு அந்த எல்லைகளுக்கு வெகு கீழே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் லேசர் குறியிடும் சாயம் மங்க மங்க அந்த எண்கள் ஏறத்தான் செய்யும்.

அதிக நேரம் பிடித்தது எழுதுவதன்று, நம்பத்தக்க அளவீட்டைப் பெறுவதே. முதல் வட்டை 8 எக்ஸில் மூன்று முறை ஸ்கேன் செய்தபோது பிஐஎஃப் மொத்தம் 412, 1,263, 455 என்று வந்தது. வட்டு அதே வட்டு, டிரைவும் அதே டிரைவு. இரண்டாம் ஓட்டத்தின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, 2.8 ஜிபியை ஒட்டி மிகக் குறுகிய, ஆனால் உயரமான முட்கள் இருந்தன. வட்டை வெளியே எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். பஞ்சுத் துணியிலிருந்து உதிர்ந்த ஓர் இழை, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிய பாதையில் பாதித் தொலைவுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஊதி நீக்கிய பிறகு முட்கள் மறைந்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு வட்டையும் மூக்குக்கண்ணாடி துடைக்கும் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்கிறேன். வட்டமாகத் துடைப்பதே இல்லை, ஏனெனில் தடத்தின் போக்கிலேயே விழும் கீறலைப் பிழைதிருத்தம் ஈடுகட்டுவது கடினம். தொடர்ந்து மூன்று வட்டுகள் எழுதிய சூட்டோடு அடுத்ததை எழுதினால் ஜிட்டர் சற்றுக் கூடுவதையும் கவனித்தேன். இப்போது ஒவ்வொன்றுக்கும் இடையே 20 நிமிடம் விடுகிறேன். ஒரு வட்டுக்கு இரண்டு ஸ்கேன், இரண்டும் பொருந்தாவிட்டால் மூன்றாவது என்று வைத்துக்கொண்டதால், 24 வட்டுகளுக்கு அறுபதுக்கு மேற்பட்ட ஓட்டங்கள் ஆயின. குறுகிய முள் வட்டின் மேற்பரப்பைச் சொல்கிறது, அகன்ற மேடு எழுத்தின் தரத்தைச் சொல்கிறது என்ற ஒன்றைப் புரிந்துகொள்ளவே எனக்கு முதல் வாரம் முழுவதும் தேவைப்பட்டது.

வட்டுகளை இரண்டு டப்பாக்களாக வாங்கியிருந்தேன். முதல் டப்பாவின் முடிவுகள் தெளிவானவை. 4, 8, 12, 16 எக்ஸ் என ஒவ்வொரு வேகத்துக்கும் மூன்று வட்டுகள் எழுதினேன். 8 எக்ஸில் பிஐஇ உச்சம் 20ஐத் தாண்டவில்லை, பிஐஎஃப் உச்சம் 2, ஜிட்டர் 8.2 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. 12 எக்ஸ் அதற்கு மிக அருகில் வந்தது. 4 எக்ஸில் பிஐஇ உச்சம் 50ஐ நெருங்கியது. பிஐஎஃப் மொத்தம் 8 எக்ஸைவிட ஏழு மடங்கு. ஜிட்டர் தொடக்கம் முதல் இறுதி வரை 9.4 விழுக்காடு. எல்லைக்குள் இருப்பதால் இவற்றைக் கெட்ட வட்டுகள் என்று சொல்ல முடியாது, ஆனாலும் எட்டு நிமிடத்தில் எழுதியதைவிடப் பதினான்கு நிமிடம் செலவழித்து எழுதியது மட்டமாக இருக்கிறது என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

காரணம் டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் இருக்கிறது. வட்டைத் தயாரித்தவரையும் வகையையும் சொல்லும் அடையாளக் குறியீட்டைப் படித்து, அந்தச் சாயத்துக்கு அந்த வேகத்தில் லேசர் துடிப்பு எவ்வளவு வலிமையோடு எவ்வளவு நேரம் விழ வேண்டும் என்று டிரைவ் முன்கூட்டியே வைத்திருக்கும் கணக்கின்படியே எழுதுகிறது. 16 எக்ஸ் வட்டின் சாயம் வேகமாக எழுதப்படுவதற்கென்றே அமைந்தது. 4 எக்ஸில் லேசருக்கு அடியில் தடம் நொடிக்கு 14 மீட்டர்தான் நகர்வதால் சூடு பக்கவாட்டில் பரவ நேரம் கிடைக்கிறது, குறிகளின் ஓரம் கூர்மை இழக்கிறது. அந்தக் குறைந்த வேகத்துக்கான கணக்கை டிரைவ் செய்தவர்களும் அவ்வளவு அக்கறையோடு சீர்செய்திருக்க மாட்டார்கள் என்று நான் எண்ணுகிறேன்.

16 எக்ஸின் கதை வேறு. அது உள்வட்டத்தில் 6.6 எக்ஸ் அளவில் தொடங்கி விளிம்பில்தான் 16ஐத் தொடுகிறது. ஆகவே முதல் இரண்டு ஜிபி வரை வரைபடம் 8 எக்ஸிலிருந்து பிரித்தறிய முடியாதபடி அமைதியாக இருந்தது. 3.4 ஜிபியைக் கடந்து வேகம் 14 எக்ஸுக்கு மேல் ஏறியதும் மேடு எழுந்தது. கடைசி 200 எம்பியில் பிஐஇ 118, பிஐஎஃப் 9. அந்த இடத்தில் வட்டு நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது, விளிம்பு நொடிக்கு 55 மீட்டர் ஓடுகிறது. சிறிய வளைவு இருந்தாலும் குவியம் தப்பிவிடும்.

அந்த வளைவைத்தான் இரண்டாவது டப்பாவில் கண்ணாலேயே கண்டேன். அதில் எந்த வேகத்தில் எழுதினாலும் கடைசி 300 எம்பியில் மேடு எழுந்தது. 8 எக்ஸிலும் விலகவில்லை. ஒரு வட்டை டியூப்லைட்டுக்கு அடியில் படுக்கை வசமாகப் பிடித்து, அதன் மேல் விழும் விளக்கின் பிம்பத்தைப் பார்த்தேன். முதல் டப்பா வட்டில் அந்த வெள்ளைக் கோடு விளிம்பு வரை நேராக ஓடியது. இரண்டாவதில் விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் முன்பே கீழ்நோக்கி மடங்கியது. இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளை ஒட்டும் பசையும் ஓரத்தில் சீராக இல்லாமல் மங்கலான வளையமாகத் தெரிந்தது. இந்த டப்பா கடையின் மேல் அடுக்கில் வெயில் படும் இடத்தில் இருந்ததை நானே பார்த்துத்தான் வாங்கினேன். எழுதும் வேகத்தை மாற்றி இதைச் சரிசெய்ய வழியில்லை.

நல்ல வட்டு கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிறது. சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் ஏழெட்டு ஏறி இறங்கினேன்; ஒரு கடைக்காரர், “இதெல்லாம் இப்ப யாரு சார் கேக்குறாங்க? பென்டிரைவ் வாங்கிக்கங்க” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். ஜப்பானின் தையோ யூடன் 2015 இறுதியோடு வட்டு தயாரிக்கும் தொழிலை விட்டது. மலிவு விலைத் தமிழ்ப்படக் குறுவட்டுகளால் நம் வீடுகளுக்கெல்லாம் அறிமுகமான மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018இல் ஆணை பிறந்தது. வெர்பேட்டம் பெயரை 2019இல் தைவானின் சிஎம்சி மேக்னெடிக்ஸ் வாங்கிவிட்டது. ஆகவே அட்டையில் உள்ள பெயரைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. ஒரு வட்டைப் பிரித்து அடையாளக் குறியீட்டைப் பார்த்த பிறகே மீதியை வாங்க வேண்டும். கடைக்காரர் சம்மதித்தால் மடிக்கணினியையும் யுஎஸ்பி டிரைவையும் கையோடு கொண்டு போவது நல்லது.

அடுத்து, கெட்டுப்போகும் பகுதிகளை மீட்க உதவும் டிவிடிசாஸ்டர் மென்பொருளின் பிழைதிருத்தத் தரவைச் சேர்த்து எழுத எண்ணியிருந்தேன். ஆனால் அதன் ஆர்எஸ்02 முறை வழக்கமாக வட்டின் மிச்ச இடத்தையெல்லாம் நிரப்பிவிடுகிறது. நான் இப்போது தவிர்க்க விரும்புவதே அந்த விளிம்பைத்தான். வட்டில் எழுதவிருக்கும் உருவக் கோப்பின் (இமேஜ்) அளவைக் குறைத்துக் கொடுத்து முயல வேண்டும், அல்லது அதே போல மீட்க உதவும் பார்2 கோப்புகளைத் தனி வட்டில் வைக்க வேண்டும். இதை இன்னும் முடிவு செய்யவில்லை.

நாடாக்களை இம்முறை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எடுக்கிறேன். ஒரு நாடாவுக்கு 1.04 ஜிபி, வட்டுக்கு நான்கு நாடா என்று 4.15 ஜிபியில் நிற்கிறது. விளிம்பில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் எழுதப்படாமல் மிஞ்சுகிறது, இரண்டாவது டப்பாவில் மேடு எழுந்த கடைசி 300 எம்பி அதற்குள் அடங்கிவிடுகிறது. முதல் டப்பாவில் மீந்த 38 வட்டுகளில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு படிகள் வீதம், 8 எக்ஸில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை 16 நாடாக்கள் முடிந்துள்ளன. 2011 வட்டில் தவறிப்போன அந்த ஏழாவது நாடா இரண்டாம் வட்டில் இருக்கிறது. நேற்றிரவு அளந்ததில் பிஐஇ உச்சம் 17, பிஐஎஃப் உச்சம் 2, வரைபடம் கடைசி வரை தரையோடு தரையாக ஓடியது.