90 மில்லியும் 24 கோடியும்

ஊக்கமருந்துச் சோதனையில் முதல் வேலை, வீரரிடம் அறிவிப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது. அந்த நொடியிலிருந்து, வீரருடன் கூடவே போகும் கண்காணிப்பாளரான சேப்பரோன் அவரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பதக்கம் வாங்கலாம், உடம்பைத் தளர்த்த ஓடலாம், எல்லாம் அவர் பார்வையில்தான். கையெழுத்துப் போட்ட பிறகு காரணமின்றி மாதிரி தர மறுத்தால் நான்காண்டுத் தடை வரை போகும். படிவம் கைக்கு வருமுன்பே நழுவியவர் மீது வழக்கை நிரூபிப்பது கடினம். 2023இல் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில், அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர்தான் ஓடினார். இத்தகைய இடத்தில் தேவைப்படுவது, ஒவ்வொரு வாசலிலும் நிற்கப் பயிற்சி பெற்ற ஆட்கள்.

அறைக்குள் வந்தால் 90 மில்லி சிறுநீர் வேண்டும். கோப்பையை வீரரே தேர்ந்தெடுப்பார். சட்டையை மார்பு வரை தூக்கி, கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கி, அதே பாலினத்தவர் நேரில் பார்க்க மாதிரி தர வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு இது பெரிய சங்கடம். அவர்களுக்குத் துணைக்கு ஒரு பெரியவர் இருப்பது கட்டாயம் என்றே நினைத்து நடக்க வேண்டும். பிறகு ‘பி’ குப்பியில் முதலில் 30 மில்லி, ‘ஏ’ குப்பியில் 60 மில்லி, வீரர் கையாலேயே. கோப்பையில் மிஞ்சிய சில சொட்டுகளில் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியால் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்டால் சிறுநீர் எவ்வளவு அடர்த்தி என்று, பார்க்கிறோம்: 1.005க்குக் குறையக் கூடாது. 150 மில்லிக்கு மேல் தந்தால் 1.003 போதும். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பவர்கள்தான் இதில் மாட்டி, இரவு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

கெடுவது பெரும்பாலும் எழுத்தில்தான். குப்பி எண்ணில் ஓர் இலக்கம் மாறினால், கடைசி ஏழு நாளில் சாப்பிட்ட மருந்துகளின் கட்டம் காலியாக விடப்பட்டால், விசாரணையில் வழக்கறிஞர் அங்கேதான் கை வைப்பார்.

2022ஆம் ஆண்டு தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டம், அதுவரை பதிவுபெற்ற சங்கமாக இருந்த தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவுக்குச் சட்ட வலுவும், உள்ளே நுழைந்து சோதனையிடும் அதிகாரமும் தந்தது. விசாரணைக் குழுக்கள் மீது, அரசு அமைக்கும் தேசிய வாரியத்துக்கு இருந்த பிடியை உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா ஏற்கவில்லை. அதைத் தளர்த்தவே 2025இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். சரியான திருத்தம். தீர்ப்புச் சொல்பவர் மீது அமைச்சகத்தின் நிழல் விழுந்தால், நேர்மையாக எடுத்த மாதிரிக்கும் மதிப்புப் போய்விடும்.

பணம் இன்னொரு கதை. 2025-26 பட்ஜெட்டில் நாடாவுக்கு 24.30 கோடி, டெல்லியின் தேசிய ஆய்வகத்துக்கு 23 கோடி. ஆய்வகத்தில் கை சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கண்முன் பாடம் இருக்கிறது: தரக் குறைகளால் 2019 ஆகஸ்டில் வாடா அதன் அங்கீகாரத்தை நிறுத்தியது, திரும்பக் கிடைத்தது 2021 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் மாதிரிகள் விமானமேறி வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போக வேண்டியிருந்தது.

போட்டி நாளில் ஒரே குழு ஒரே இடத்தில் வரிசையாக மாதிரி எடுத்துவிடும். எண்ணிக்கை அழகாக ஏறும். ஸ்டீராய்டு ஊசி போடுவதோ பயிற்சி மாதங்களில். ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் ஈபிஓ மருந்து சிறு அளவில் போட்டால் ஓரிரு நாளில் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும். பிடிக்க வேண்டுமானால் விடியற்காலையில் பயிற்சி முகாமின் கதவைத் தட்ட வேண்டும். போட்டி இல்லாத நாளிலும் சோதிக்கத் தேர்ந்தெடுத்த வீரர்களின் பதிவுப் பட்டியலில் உள்ளவர் தினமும் 60 நிமிடம் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே சொல்லியிருப்பார். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் அதுவே விதிமீறல். ஆள் இல்லாவிட்டாலும் அந்த 60 நிமிடமும் அதிகாரி அங்கேயே காத்திருந்து, தேடிய விதத்தை எழுதி வைக்க வேண்டும். ஒரு மாதிரிக்காக, சில சமயம் வெறுங்கையோடு, இருவர் பயணம் செய்துவரும் செலவு இது. கணக்குத் தணிக்கைக்கு வீண்செலவாகத் தெரியும் இந்தத் தலைப்பில்தான் ஒதுக்கீடு கூட வேண்டும். கூடவே, மாவட்டப் போட்டிகளில் வாசலில் நிற்கும் சேப்பரோன்களின் பயிற்சிக்கும் தினப்படிக்கும்.