நான்காவது அட்டை

இன்று காலை எங்கள் சாஃப்ட்வேர் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி, வேலைகளை அட்டைகளாக வைக்கும் கான்பான் போர்டில் இன்னொரு வேலையை ‘நடப்பில்’ கட்டத்துக்கு இழுக்கப் போனான். அங்கே ஏற்கனவே மூன்று அட்டைகள். ஒரே நேரத்தில் அங்கே இருக்கக்கூடிய வரம்பும் மூன்றுதான்.

அப்படியே விட்டுவிட்டு, பக்கத்து சீட்டில் கேட்டான்: “அக்கா, உங்க டெஸ்டிங்ல நான் கை கொடுக்கட்டுமா?”

பல நாளாகத் தேங்கிக் கிடந்த அந்த வேலை மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

கான்பானில் எனக்கு மிகப் பிடித்தது இந்த வரம்புதான். கான்பான், டொயோட்டா கார் கம்பெனியில் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் கொண்டுவந்த முறை. அடுத்த கட்டம் கேட்டால்தான் முந்தைய கட்டம் செய்து தரும். யார் எவ்வளவு பிஸி என்பது முக்கியமே இல்லை, எது முடிந்தது என்பதுதான் கணக்கு. பாதியில் நிற்கும் பத்து வேலைகளால் பயனருக்கு என்ன கிடைக்கும்?

அப்புறம், வாட்டர்ஃபால். மென்பொருள் வேலையில் ஒரு கட்டத்தை முழுசாக முடித்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போகும் முறை, சோதனை கடைசியில்தான்.

அதன் தொடக்கம் என்று கணினி அறிஞர் வின்ஸ்டன் ராய்ஸின் 1970 கட்டுரையைத்தான் சொல்வார்கள். ஆனால் சோதனையைக் கடைசியில் வைக்கும் அந்த வரிசை ஆபத்தானது, தோல்வியை வரவழைக்கும் என்று அதே கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். கட்டுரையில் அந்த வரிசையைக் காட்டிய படம் மட்டும் உலகமெல்லாம் பரவியது. எச்சரிக்கையும் கூடவே பரவியிருந்தால் எத்தனை பேருடைய ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும்!